விறாந்தையில் சொல்வது

டொக்டர் றோஸ் ஒருநாளும் ஒரு விசயத்தை நேராகச் சொன்ன மனுசன் இல்லை. நோயாளி சாகக் கிடக்கிறான் என்றால், "இவர் இன்னும் காட்டுக்குள்ளேதான் நிற்கிறார்" என்பார். கொஞ்சம் தேறினால், "தெரு முடக்குத் திரும்பிவிட்டார்" என்பார். இரண்டுக்கும் நடுவில் என்றால், நூலில் தொங்குவார். எல்லாம் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் சொல்வதற்குத்தான் ஆசுபத்திரி என்னை வைத்திருந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. இருந்த இடத்தில் ஷெல் விழ, கட்டில்களையும் மருந்துப் பெட்டிகளையும் றக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இறங்கிய சின்ன ஆசுபத்திரி அது. கட்டில் போதாததால் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைச் சோடி சேர்த்து அதன்மேல் ஆட்களைக் கிடத்தியிருந்தோம். தலைமையாசிரியரின் அறைதான் டொக்டரின் அறை. வெளிநாட்டிலிருந்து றோஸ் என்று ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பெண் டொக்டர் என்று நினைத்து எங்கள் பெண்கள் சந்தோசப்பட்டார்கள். வந்து இறங்கியது ஆறடி உயரத்தில், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்துபோன ஒரு ஸ்கொட்லாந்துக்காரர்.

என் பெயர் பராசக்தி. அவருக்கு அது வாயில் அடங்காது. "மிஸ் பாரா" என்பார். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கொழும்பில் ஒரு தேயிலைக் கொம்பனியில் பதினாறு வருடம் சுருக்கெழுத்து எழுதி, எண்பத்து மூன்றில் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவள். கொண்டுவந்த சொத்து இரண்டு சேலையும் ஆங்கிலமும். சேலைகள் கிழிந்துவிட்டன. ஆங்கிலம் மட்டும் கிழியாமல் கிடந்து என்னை இந்த வேலையில் கொண்டுவந்து விட்டது.

காலை எட்டு மணிக்கு டொக்டரோடு சுற்றப் புறப்பட்டால் பதினொன்றரைக்குத்தான் முடியும். கால் உளைவதைவிட வாய் உளைவது அதிகம். ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாத மரபுத்தொடர் குறைவு. கொம்பனித் துரைமார் கடிதத்துக்குக் கடிதம் அதைத்தான் சொல்லி எழுதுவித்தார்கள். ஆனால் அந்தத் தொடர்கள் எல்லாம் தேயிலை விலையைப் பற்றியவை. இங்கே அதே தொடர்கள் வாங்கில் கிடக்கிற மனுசரைப் பற்றியவை. அதனால் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தேன். இடது பக்கத்தில் டொக்டர் சொன்னது, வலது பக்கத்தில் நான் சொன்னது. அடுத்த முறை அதே தொடர் வந்தால் மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

ஒருவனின் தொடையிலிருந்து துப்பாக்கிச் சன்னம் எடுத்த மறுநாள், மயக்கமருந்து கையிருப்பில் இல்லாமல் அவன் புண்ணைத் துடைக்கவேண்டி வந்தது. டொக்டர் அவனுடைய தோளில் தட்டி, "சன்னத்தைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்" என்றார். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்பதற்கு அவர்களுடைய ஊரில் அப்படி. எடுத்த சன்னம் தலைமாட்டில் ஒரு போத்தல் மூடிக்குள் கிடக்கிறது. நான் அதை அப்படியே சொல்லியிருந்தால் அவன் உண்மையாகவே எடுத்து வாயில் வைத்திருப்பான். "பாலம் வரும்போது பாலத்தைக் கடப்போம்" என்று இன்னொரு நாள் சொன்னார். பிறகு வருவதைப் பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் பாலம் என்றால் சனத்துக்குச் சூடு விழுகிற இடம். "இப்ப அதைப் பற்றி யோசியாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

இது வேலையின் லேசான பக்கம். மற்றப் பக்கம் ஒன்று இருந்தது. அதை டொக்டருக்கு நான் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியை, படுத்திருக்கிற வருத்தக்காரனுக்கு முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொந்தக்காரன் ஒருவனை வெளியே விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, அவனுக்குத்தான் சொல்வோம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "ஒண்டும் இல்லையாம், வெள்ளிக்கிழமை வீட்டை விடுவினமாம்" என்பான். படுத்திருப்பவனும் நம்பியதுபோலத் தலையை ஆட்டுவான். இதில் யாருக்கும் யார்மீதும் கோபம் இல்லை. இப்படித்தான் என் அப்பா செத்தார், அம்மா செத்தா. ஆனால் டொக்டர் றோசோ வாங்கின் ஓரத்தில் குந்தி, நோயாளியின் கையைப் பிடித்து, அவனுக்கே சொல்வார். நடுவில் நிற்பவள் நான். அவர் சொன்னதை நான் கேட்டு, நோயாளிக்கு ஒன்றைச் சொல்லி, பிறகு விறாந்தையில் சொந்தக்காரருக்கு மற்றதைச் சொல்வேன். டொக்டர் இந்தப் பக்கம் முடிந்தது என்று நினைத்து அடுத்த வாங்குக்குப் போய்விடுவார்.

கனகாம்பிகை என்று ஒரு மனுசி வயிற்றில் கட்டியோடு வந்து கிடந்தா. "வைக்கோல் துரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் டொக்டர். வேறு வழி இல்லை, சும்மா ஏதோ செய்து பார்க்கிறோம் என்பதுதான் அது. நான் அந்த மனுசியிடம், "மருந்து பிடிக்குதாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். மகன்மாருக்கு விறாந்தையில் வைத்து உள்ளதைச் சொன்னேன். மனுசி பிறகு ஒன்பது நாள் இருந்தா. முருக்கங்காய்க் குழம்பு கேட்டுச் சாப்பிட்டா. பத்தாம் நாள் போய்விட்டா. செத்தவீடு முடிந்து மூத்த மகன் என்னைத் தேடிவந்து, "நீங்கள் எங்கடை அம்மாவை நிம்மதியாப் போகவிட்டனீங்கள்" என்று கும்பிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பதற்கு என்ன, நன்றாகவே பெருமையாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் வெள்ளைக்காரரும் எங்களைப் போலத்தான். அவர்களும் சாவை நேரே சொல்ல மாட்டார்கள். காடு, முடக்கு, நூல், வைக்கோல் என்று எதையாவது குறுக்கே போடுகிறார்கள். எங்கள் விறாந்தை வீட்டோடு இருக்கிறது, அவர்களுடைய விறாந்தை வசனத்துக்குள்ளே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். களைத்துப்போன மனுசிக்கு அது வசதியான நினைப்பு.

ஆவணியில் என் தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

சீவரத்தினம் எனக்குப் பதினொரு வயது இளையவன். அவனைப் பெற்ற பிறகு அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. அவனை இடுப்பில் வைத்துத் திரிந்தது நான்தான். சண்டிலிப்பாயில் சீதனக் காணியில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் போட்டான். மண்ணெண்ணெய் கிடைக்காமல் இறைப்பு மெசின் மூலையில் முடங்கிய பிறகு, கழற்றி வைத்த கிணற்றுத் துலாவைத் திரும்பப் பூட்டி, பாட்டன் காலத்தைப் போல மிதித்து இறைத்தான். விடிய ஐந்து மணிக்குத் துலாவில் ஏறினால் வெயில் ஏறும்வரை முன்னும் பின்னும் நடந்தபடி இருப்பான். "அக்கா, இப்ப எனக்கு விழுந்து படுத்தால் நித்திரை" என்று பெருமையடிப்பான். அந்தத் துலாவிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஒழுங்கையில் ஷெல் விழுந்தது. இடது காலின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சிதைந்துவிட்டது. பக்கத்துக் காணி இளையதம்பியண்ணை புகையிலை கட்டுகிற கயிற்றால் இறுக்கிக் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

முதல்நாள் டொக்டர் காலுக்குள் இருந்த ஷெல் இரும்பை எடுத்தார். இரண்டாம் நாள் கால் வீங்கியது. மூன்றாம் நாள் காலை நான் கிட்டப் போகும்போதே மணம் வந்தது. எட்டு மாதம் அந்த வாங்குகளுக்கு நடுவில் நடந்தவளுக்கு அந்த மணத்தை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தம்பியின் பக்கத்தில் குந்தினார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் அவனைப் பார்த்தே சொன்னார்: "இந்தக் காலைப் பொறுத்தவரை துவாயை எறிந்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் அவருக்குச் சண்டைபோட ஒரு வாய்ப்பு இருக்கிறது. இனிப் பந்து அவருடைய பக்கத்தில்." 

குத்துச்சண்டையில் தோற்றவனின் ஆள் துவாயை வீசி எறிவானாம். கால் போய்விட்டது என்பதுதான் அது. வெட்டினால் ஆள் தப்பக்கூடும். முடிவு எடுக்கவேண்டியவன் அவன்.

"அக்கா, என்னவாம்?" என்றான் தம்பி. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"பொறு, வடிவாய்க் கேட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு விறாந்தைக்குப் போனேன். இராசமலர், அவனுடைய பெண்சாதி, தூணோடு சாய்ந்து நின்றாள். மூன்று நாளாக அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடைசிப் பிள்ளைக்கு அப்போது நாலு வயது.

அவளுக்கு உள்ளதைச் சொன்னேன். "கால் அழுகிப்போச்சு மலர். இண்டைக்கு வெட்டாட்டில் ஆள் இல்லை."

அவள் அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்தாள். "மச்சாள், அவருக்குச் சொல்லாதேங்கோ. மாட்டன் எண்டு பிடிவாதம் பிடிப்பார். ஒரு காலோடை ஆரின்ரை கையை எதிர்பார்த்து இருக்கிறதைவிடச் சாகிறது நல்லது எண்டு போன கிழமையும் சொன்னவர், சந்தியிலை நிக்கிற அந்தக் கால் இல்லாத மனுசனைப் பாத்துப்போட்டு. எனக்கு ஆள் வேணும் மச்சாள். கால் வேண்டாம்."

எனக்கும் ஆள் வேண்டும். அதற்கு மேல் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உள்ளே போய், வழக்கமாய்ச் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"காலைத் திறந்து, அழுகினதை எடுத்துத் துப்பரவாக்கப் போகினமாம்."

"கால் தப்புமோ?"

"தப்பும். நீ மனத்தைப் போட்டு அலட்டாதை."

"துலா மிதிக்க ஏலுமோ?"

"உனக்கு இப்ப துலாவோ முக்கியம்?"

அவன் சிரித்தான். உடன்பாட்டுப் படிவத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. எந்தக் கால், எந்த இடத்தில் என்பதை நான்தான் என் கையெழுத்தில் நிரப்பியிருந்தேன். அவன் அதைப் பார்க்கவும் இல்லை. பேனையை வாங்கி, பள்ளிக்கூடத்தில் பழக்கிய உறுப்பான எழுத்தில் சீவரத்தினம் என்று தமிழில் ஒப்பம் வைத்தான். "அவர் சம்மதமா?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். சம்மதம் என்றேன். ஒப்பரேசனுக்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெனறேற்றரைப் போட்டார்கள்.

பின்னேரம் அவனுக்கு மயக்கம் தெளிந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். மலர் தண்ணீர் அள்ளப் போயிருந்தாள்.

"அக்கா, இடக்காலின்ரை பெருவிரல் கடிக்குது. ஒருக்காச் சொறிஞ்சுவிடு."

நான் அசையவில்லை. இந்த இரண்டு வசனத்துக்கு என் கொப்பியின் வலது பக்கத்தில் எதுவும் இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தானே முழங்கையை ஊன்றி எழும்பிச் சீலையை விலக்கினான்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சீலையைத் திரும்ப ஒழுங்காக இழுத்து மூடிவிட்டுக் கேட்டான்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

நாற்பது வருடமாக என்னை நீ என்று கூப்பிட்டவன் அவன். நான் அவனுக்குச் சோறு தீத்தியவள்.

"ஓம்" என்றேன்.

"முதலே தெரியுமோ? நான் ஒப்பம் வைக்கேக்கை?"

"ஓம். நீ மாட்டன் எண்டு சொல்லுவாய் எண்டு..."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். பெண்சாதியோடு அடுத்தநாளே கதைத்தான். அவள் அழ, அவளைத் தேற்றவும் செய்தான். என்னோடு இல்லை. நான் கொண்டுவந்த பனங்கட்டித் தேத்தண்ணியைக் குடித்தான். மருந்து தந்தால் விழுங்கினான். கேட்டதற்கு ஓம், இல்லை என்றான். அந்நியருக்குக் காட்டுகிற மரியாதை அத்தனையும் எனக்குக் கிடைத்தது. அதைவிட என் கன்னத்தில் அவன் அறைந்திருக்கலாம்.

கால் வெட்டிய ஐந்தாம் நாள் சுற்றின்போது டொக்டர் அவன் பக்கத்தில் வழக்கம்போல் குந்தி ஏதோ சொல்லத் தொடங்க, நான் வாயைத் திறக்க முதல் தம்பி கையை உயர்த்தி மறித்தான்.

"அக்கா வேண்டாம்" என்றான். பிறகு, மூத்திரப் போத்தல்களை எடுத்துக்கொண்டு போன கனிசியசைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் வந்து கதையுங்கோ" என்றான்.

கனிசியஸ் ஆசுபத்திரிச் சிற்றூழியன். கரையூர்ப் பக்கத்து ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடம் ஒரு கிரேக்கக் கப்பலின் சமையற்கட்டில் சட்டி கழுவியவன். அவனிடம் மொத்தம் நூறு ஆங்கிலச் சொல் இருந்தால் அதிகம். அதில் பாதி தூசணம். அவன் போத்தல்களைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான். தம்பி சொன்னதைக் கேட்டான். டொக்டரைப் பார்த்துத் தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னான்:

"இந்த மனுசன் கால் வெட்டு தெரியாது. அக்கா சொல்லவில்லை. அக்கா சொன்னது கழுவு மட்டும். இந்த மனுசன் இனி அக்கா வேண்டாம்."

டொக்டரின் கழுத்தில் இருந்த சிவப்பு முகத்துக்கு ஏறியது. அவர் எழும்பித் தலைமையாசிரியரின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். கதவைச் சாத்தினார்.

"நீங்கள் அவரிடம் சொல்லவில்லையா?" என்றார்.

"இல்லை."

"சம்மதிக்காத மனுசனை நான் வெட்டியிருக்கிறேன்."

எட்டு மாதத்தில் காடும் பாலமும் துவாயும் இல்லாமல் அவர் என்னோடு பேசிய முதல் வசனம் அது. அவர் குரலை உயர்த்தவில்லை. கதிரையில் இருந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். அவரும் மூன்று நாள் நித்திரை இல்லாதவர்தான்.

"எங்கள் ஆட்கள் இப்படித்தான்" என்றேன். "படுத்திருப்பவருக்குச் சொல்வதில்லை. நீங்களும் நேராகச் சொல்வதில்லையே."

"நான் சுற்றிச் சொல்லியிருப்பேன், அது என் பிழை. ஆனால் சொன்னேன்" என்றார். "அவரைத் தவிர எத்தனை பேர்?"

எனக்கு எண்ணத் தெரியவில்லை. கனகாம்பிகை இருந்தா. அவவுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ முகங்கள். எல்லாரையும் நான்தான் ஆறுதலாக அனுப்பிவைத்தேன் என்று நினைத்திருந்தேன். அவர்களில் யாருக்காவது கடைசியாக ஒருவரிடம் சொல்ல ஒரு சொல் இருந்ததா, ஒருவரைக் கூப்பிட்டு அனுப்ப இருந்ததா, நாளைக்குச் சொல்லலாம் என்று என்னை நம்பி விட்டுவிட்டார்களா? நான் நின்றபடியே அழுதேன். தம்பி கால் இழந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை.

டொக்டர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் வேறு யார் இருக்கிறார்கள்? அடுத்தநாளும் எட்டு மணிக்கு நான் போனேன். தம்பியின் வாங்கு வந்தால் மட்டும் நான் இரண்டு வாங்கு தள்ளி நிற்பேன். கனிசியஸ் போத்தலை வைத்துவிட்டு வருவான். மற்றவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் திக்கித் திக்கித்தான் வந்தது. நேராகச் சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. சொன்னபோது சில சனம் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியது. அதுவும் நியாயம்தான்.

ஒன்பதாம் நாள் அழுகல் மேலே ஏறிவிட்டது.

நான் தள்ளி நின்றே மணத்தை அறிந்தேன். டொக்டர் குந்தினார். கனிசியஸ் கைகட்டி நின்றான். டொக்டர் இந்த முறை சின்னச் சின்னச் சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். கனிசியசுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 

கனிசியஸ் தம்பியைப் பார்த்து, வாட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "தம்பி, சீழ் ஏறியிட்டுது. முழங்காலும் போகவேணும். இனித் தொடையிலைதான் வெட்டு."

பக்கத்து வாங்கில் இருந்த கிழவி, "ஐயோ, என்ன கதை கதைக்கிறாய் பாவி" என்று வாயில் அடித்துக்கொண்டாள். கனிசியஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி கேட்டான்: "வெட்டாட்டில்?"

கனிசியஸ் கேட்டுச் சொன்னான். "சாவு. நாலஞ்சு நாளிலை."

"வெட்டினால் கட்டாயம் தப்புவனோ?"

"கட்டாயம் எண்டு இல்லையாம். பத்துக்கு ஏழு எண்டு சொல்லுறார்."

"முழங்கால் இல்லாட்டில் பொய்க்கால் பூட்டலாமோ?"

"பூட்டலாமாம். நடக்கிறது கயிட்டம். துலா மிதிக்க ஏலாது. அதையும் கேட்டனான், நீ கேட்க முதலே நான் கேட்டுப்போட்டன்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஜெனறேற்றர் போடுகிற நேரம் வரைக்கும் யோசிக்கட்டும் என்று டொக்டர் எழும்பிப் போனார். மலர் வந்து வாங்கின் ஓரத்தில் இருந்தாள். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவன் ஏதோ சொல்ல அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். காணியைக் குத்தகைக்குக் கொடுப்பது பற்றியும் கடைசிப் பிள்ளையைப் பற்றியும் கதைத்ததாகப் பிறகு சொன்னாள். நான் விறாந்தையில் நின்றேன். விறாந்தையில் எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

பதினொரு மணிபோல அவன் கனிசியசைக் கூப்பிட்டான். "வெட்டட்டும் எண்டு சொல்லுங்கோ அண்ணை. எங்கை ஒப்பம் வைக்கவேணும் எண்டும் கேளுங்கோ."

படிவத்தை நிரப்ப நான்தான் வேண்டியிருந்தது. கனிசியசுக்கு எழுதத் தெரியாது. எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். தொடை என்று வந்த வரியை முதலிலிருந்து திரும்பவும் வாசிக்கவேண்டி வந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு ஒப்பம் வைத்தான். காய்ச்சலில் எழுத்து முந்தியதைப்போல உறுப்பாக வரவில்லை.

தள்ளுவண்டி வரச் சிறிது நேரம் இருந்தது. எனக்கு வாயை அடக்க முடியவில்லை.

"தம்பி, ஒண்டு கேட்கட்டோ? அண்டைக்கு நான் இப்பிடி நேரா உன்னட்டைக் கேட்டிருந்தால், நீ ஓம் எண்டிருப்பியோ?"

எந்தப் பதில் வந்தால் எனக்கு ஆறுதல் என்று எனக்கே தெரியாது. இல்லை என்றால், பொய் சொல்லி அவனைக் காப்பாற்றியவள் ஆவேன். ஓம் என்றால், ஒன்றுக்கும் இல்லாமல் அவனை ஏமாற்றியவள் ஆவேன். ஆனாலும் ஏதாவது ஒன்று வேண்டும் போல் இருந்தது.

அவன் என்னை நேராகப் பார்த்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"தெரியாது அக்கா" என்றான். "இரவு முழுக்க யோசிச்சும் பாத்தன். ஓம் எண்டிருப்பனோ, சாவம் எண்டு கிடந்திருப்பனோ, எனக்கே தெரியேல்லை. நான் அப்பிடியான நேரத்திலை என்ன மாதிரி ஆள் எண்டு அறிய எனக்கு ஒரு நாள் வந்தது. அண்டைக்கு எனக்குப் பதிலா நீங்கள் இருந்திட்டியள்."

நான் படிவத்தை இரண்டாக மடித்தேன்.

தள்ளுவண்டி வந்தது. மலர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் பிடித்துத் தூக்கி ஏற்றினோம். முந்தியைவிட அவன் பாரம் குறைந்திருந்தான். நான் வண்டியின் பின்னால் ஒப்பரேசன் தியேட்டர் வாசல்வரை நடந்தேன். மயக்கமருந்து கொடுக்கும்வரை டொக்டர் சொல்வதை அவனுக்குத் தமிழில் சொல்ல ஒரு ஆள் உள்ளே வரவேண்டும் என்று தாதி கதவைத் திறந்து சொன்னாள். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் எனக்குப் பின்னால் பார்த்து, "கனிசியஸ், நீங்கள் வாங்கோ" என்றாள்.